மெஷினை விட்டு இறங்கிய பிறகு: டயாலிசிஸ் பிரிவு மருத்துவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் தாயார் சில ஆண்டுகளாக வாரம் மூன்று முறை தங்கள் பிரிவில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவருடைய ஹீமோகுளோபின், பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுகளை மாதந்தவறாமல் பார்த்து மருந்தைத் திருத்துகிறீர்கள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா இத்தனை காலம் அடைப்பின்றி ஓடுவது தங்கள் செவிலியர்களின் கைப்பக்குவம். அதற்கு நன்றி சொல்லிவிட்டு, பரிசோதனைத் தாளில் வராத ஒன்றை எழுதுகிறேன்.

நான்கு மணி நேரம் முடிந்து வீடு திரும்பும் அம்மா அன்று முழுவதும் படுக்கைதான். கெண்டைக்காலில் இழுப்பு, தலை பாரம், பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லவும் தெம்பில்லாத அசதி. மறுநாள் மதியத்துக்கு மேல்தான் முகம் தெளிகிறது. விடிந்தால் மீண்டும் டயாலிசிஸ். "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று தாங்கள் கேட்கும்போதெல்லாம் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார், ஏனென்றால் மூச்சு வாங்கவில்லை, கால் வீங்கவில்லை என்பதைத்தான் அந்தக் கேள்விக்கான பதிலாக அவர் புரிந்துவைத்திருக்கிறார்.

அதற்குப் பதிலாக, "போன முறை முடிந்த பிறகு தெளிய எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று கேட்டுப் பாருங்கள். பல நாடுகளில் 6,000 பேர் அளவில் இதே கேள்வியைக் கேட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒருவருக்கு 6 மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. தெளியும் நேரம் நீண்டவர்களிடம் மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆகவே இந்த அசதியை வயதின் பேரிலோ மனத்தின் பேரிலோ போட்டுவிட்டு நகர முடியாது.

அம்மாவின் எடை ஏறத்தாழ 50 கிலோ. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடலில் 3 லிட்டர் நீர் ஏறி வரும் நாளில் அதை நான்கு மணி நேரத்தில் எடுத்தால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 15 மில்லி. 13 மில்லியைத் தாண்டினால் இதயத்துக்குச் சுமை என்பது தாங்கள் அறிந்ததே. ஒரு மணி நேரம் கூட்டினால் அதுவே 12 ஆகிவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொன்னால் தாகம் விடாது என்பதை நாளடைவில் தெரிந்துகொண்டோம். அப்படியும் நீர் கூடுதலாக ஏறும் நாள்களில் மட்டுமாவது ஐந்து மணி நேரம் கிடைக்குமா? அடுத்த ஷிஃப்டுக்காக வெளியே இன்னொருவர் காத்திருப்பதை அறியாமல் கேட்கவில்லை. அவருக்கு உரிய நேரத்தைப் பறிக்கும்படியும் கேட்கவில்லை; கடைசி ஷிஃப்டுக்கு அம்மாவை மாற்றினாலும் எங்களுக்குச் சம்மதமே.

அது இயலாதென்றால், வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று வழி டயாலிசிஸ் அவருக்குப் பொருந்துமா என்று சொல்லுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தொற்று வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்களுடையது. அதைக் கற்றுக்கொள்ள நானும் என் மனைவியும் தயாராக இருக்கிறோம்.

அடுத்த முறை அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, அவர் சொல்லும் நேரத்தை எடை, இரத்த அழுத்தத்தோடு சேர்த்து அவருடைய தாளில் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
தங்கள் நோயாளி ஒருவரின் மகன்