ரென்னில் படிக்கும் தம்பிக்கு, ஒரு கோழி விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஊர்ப் பண்ணை அருங்காட்சியகத்துக்குப் போய் வா என்றதற்கு, "பழைய கலப்பையைச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள், அதைப் போய் என்னத்தைப் பார்க்க" என்று போனில் அலுத்துக்கொண்டாய். கலப்பையும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிரான்சில் நீ இருக்கும் ரென் நகரின் தெற்கு ஓரத்தில், லா பேந்தினே என்ற பழைய பண்ணையில் 1987இல் திறந்த அந்த அருங்காட்சியகத்துக்கு நீ போக வேண்டியது கோழிக்காக.

கூகூ தெ ரென் என்று பெயர். உடம்பெல்லாம் சாம்பலும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடு. ஒரு காலத்தில் ரென் வட்டாரத்தில் பேர் போன கோழி. பிராய்லர் வந்ததும் கேட்பாரில்லாமல் போய், இனமே அற்றுப்போனது என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். 1988இல் விடாமல் வளர்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் சில கிடைத்தன. அருங்காட்சியகம் அவற்றை வைத்துப் பெருக்கி, குஞ்சுகளை விவசாயிகள் கைக்குக் கொண்டுசேர்த்தது. இன்று ஓட்டல்களில் கிடைக்கிறது.

அழியப்போகும் இனத்தைச் சாப்பிடலாமா என்று கேட்பாய். சாப்பிட்டால்தான் பிழைக்கும். வாங்க ஆளில்லை என்றால், நான்கு மாதத்துக்கு மேல் தீனி போட்டு எவன் வளர்ப்பான்? கூண்டில் நாலு ஜோடியை வேடிக்கைக்கு வைத்திருந்தால் அது காட்சிப்பொருள், அவ்வளவுதான்.

அங்கே நிற்கும் பி நுவார் மாட்டுக்கும் இதே கதைதான். கறுப்பு வெள்ளையில் குட்டையான மாடு. பால் கொஞ்சம், வெண்ணெய்க்குப் பேர் போனது. ரென் இருக்கும் பிரெத்தான் பகுதியில் லட்சக்கணக்கில் இருந்தது. நிறையக் கறக்கும் பெரிய மாடுகள் வந்து ஓரங்கட்டிவிட்டன. 1976இல் காப்புத் திட்டம் போட்டதால் தப்பியது. முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் வெசான் தீவு ஆடுகளும் உண்டு, படம் எடுத்து அனுப்பு.

வீட்டுக்குள்ளும் ஒரு சுற்று சுற்று. அந்தப் பக்கத்தில் பொம்மே என்று ஒன்று செய்வார்கள். பெரிய செம்பு அண்டாவில் ஆப்பிள் சாற்றை ஊற்றி, நறுக்கிய ஆப்பிளைப் போட்டு, இரவு முழுக்கக் காய்ச்சுவது. கை ஓய்ந்தால் அடிபிடித்துவிடும். அதனால் அக்கம்பக்கத்தார் கூடி, முறைவைத்து நீளத் துடுப்பால் கிளறுவார்கள். சும்மா இருப்பவர்கள் பாட்டு, ஆட்டம். விடியும்போது கறுத்துத் திரண்டிருக்கும். ரொட்டிக்குத் தடவ ஆண்டு முழுக்க வரும்.

கதவு வைத்த பெட்டிக்கட்டில்தான் பார்க்க வேண்டும் என்றால் மேற்கே கேம்பேர் அருங்காட்சியகத்துக்குப் போ.

திங்கள்கிழமை பூட்டியிருக்கும். சனிக்கிழமை காலை உங்கள் ஊர் லீஸ் சந்தையில் அந்தக் கோழி கிடைக்கிறதா என்று விசாரி. கிடைத்தால் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டுவிடாதே. கெட்டியான கறி, சின்னத் தீயில் நின்று வேகட்டும்.

அன்புடன்,
அக்கா