செத்துப் பிழைத்த செய்தி

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதற்குப் பதில் இது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். "பூனம் பாண்டே பண்ணினது அசிங்கம்தான், ஆனா வேலை செஞ்சுதேம்மா, எங்க ஆபீஸ்ல இன்னிக்கும் அதைத்தான் உதாரணமா காட்டுறாங்க" என்றாய்.

2024 பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் நடிகை பூனம் பாண்டே இறந்துவிட்டதாக அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே அறிவிப்பு வந்தது. வயது 32. மறுநாள் அவரே வீடியோவில் வந்து, உயிரோடுதான் இருக்கிறேன், விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். 2011இல் இந்தியா உலகக் கோப்பையை ஜெயித்தால் ஆடையைக் களைவேன் என்று சொல்லிப் பெயர் வாங்கியவர் ஆயிற்றே என்று சிலர் முதல் நாளே சந்தேகப்பட்டார்கள். எனக்கு அது தோன்றவில்லை. சாவுச் செய்தியை யார் சந்தேகப்படுவார்கள்?

அன்றைக்கு எனக்குப் பகல் டியூட்டி. கதிர்வீச்சு சிகிச்சைக்கு வந்திருந்த ஓர் அம்மா, மகனின் போனில் அதைப் பார்த்துவிட்டு, "அவ்வளவு வசதி இருக்கிறவளுக்கே வழியில்லையா சிஸ்டர்?" என்று கேட்டார். மறுநாள் செய்தி மாறியதும், "அப்ப அந்தப் பொண்ணு பிழைச்சுக்கிச்சா? என்ன மருந்து குடுத்தாங்க?" என்றார். விளக்கிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அந்தக் கேம்பெயினைச் செய்த விளம்பர நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கேட்கும்போதே, கூகுளில் இந்த நோயைப் பற்றி எவ்வளவு பேர் தேடினார்கள் என்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. முந்தின நாள்தான் இடைக்கால பட்ஜெட்டில் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்தப் புற்று வராமல் போடும் தடுப்பூசி பற்றி நிதியமைச்சர் பேசியிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை, இதைக் கவனித்தார்கள் என்பது அவர்கள் வாதம். கவனித்தவர்கள் என்ன தெரிந்துகொண்டார்கள்? நன்றாக இருந்த பெண் திடீரென்று செத்துப்போவாள் என்று. இந்த நோய் அப்படி வருவதே இல்லை. இதை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரஸ் தொற்றிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷமாவது ஆகும். அந்த இடைவெளியில் ஒரு முறை பரிசோதித்தாலே முளையில் கிள்ளிவிடலாம். 2020இல் மட்டும் நம் நாட்டில் ஏறக்குறைய 77,000 பெண்கள் இதில் இறந்திருக்கிறார்கள் என்பது மதிப்பீடு. மாதவிலக்கு நின்ற பிறகும் உதிரப்போக்கு இருக்கிறதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கடைசியில் வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பரபரப்பே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஜேட் குடி என்ற இங்கிலாந்து டிவி பிரபலத்தைப் பற்றிப் படித்துப் பார். 2007இல் ஷில்பா ஷெட்டியை டிவி நிகழ்ச்சியில் இனவெறியோடு பேசி ஊர் முழுக்க ஏச்சு வாங்கியவர். மறுவருஷம் இந்தி பிக் பாஸ் வீட்டுக்குள் வந்தார். தொகுத்து வழங்கியது அதே ஷில்பா! அந்த வீட்டில் இருக்கும்போதுதான் லண்டனிலிருந்து கர்ப்பப்பை வாய்ப் புற்று என்று தகவல் வந்தது. அதன் பிறகு கீமோ, மொட்டைத் தலை, கல்யாணம் எல்லாமே கேமரா முன்னால் நடந்தது. கல்யாணப் படங்களைப் பத்திரிகைக்கு விற்றார். சாவையும் காசாக்குகிறாளே என்று பேசினார்கள். இரண்டு பையன்களுக்குச் சேர்த்து வைக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2009 மார்ச் 22இல் இறந்தார். வயது 27தான். அந்த ஒரு வருஷத்தில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிடச் சுமார் 4 லட்சம் பெண்கள் கூடுதலாகப் பரிசோதனைக்குப் போனார்கள். அங்கே அரசே கடிதம் போட்டு இலவசமாகக் கூப்பிடுகிறது. போக ஓர் இடம் இருந்தது. சில வருஷத்தில் அந்த எண்ணிக்கையும் இறங்கிவிட்டது, அது வேறு கதை.

நம்ம திண்டுக்கல் மாவட்டத்திலேயே, கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் சோதனையை நர்சுகளே செய்தார்கள். ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே இந்தப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உன் ஆபீஸில் ஒருத்தருக்காவது தெரியுமா? அடுத்த மீட்டிங்கில் இதைச் சொல்லிப் பார். ரீச் இல்லை என்பார்கள், சொல்லு.

இன்னொன்று. அக்கா மகளுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு எச்பிவி தடுப்பூசி, அதற்கான செலவை நீ ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாய், மறந்துவிடாதே. உனக்கும் 26 ஆகிறது; இன்னும் போடலாமா என்று இந்த வாரமே அங்கே ஒரு டாக்டரைப் பார்த்துக் கேள். கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அம்மா