படல் தந்த கீதாரி அண்ணாச்சிக்கும் ஊராருக்கும்

இராதாபுரம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

எங்கள் பயிற்சி விமானம் உங்கள் பனங்காட்டில் விழுந்த அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் நீங்கள்தான். எதனால் நடந்தது என்பதை விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு சொல்லட்டும்; அதற்கு முன் நாங்கள் வாய் திறப்பது முறையல்ல. அதில் உயிர் போன இருவரும் எங்கள் ஆட்கள். அவர்கள் ஓட்டிய விமானத்தைப் பராமரிக்கிறவர்களும் அவர்களோடு பறந்தவர்களுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம். நன்றி சொல்வதோடு, நீங்கள் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்பதையும் தொழில்காரர்களாக விளக்கிவிட நினைக்கிறோம். செய்தவர்களுக்கே அது தெரியாமல் போய்விடக் கூடாது.

முதலில், ஆட்டுக் கிடை போடும் கீதாரி அண்ணாச்சி. அன்று சாயங்காலம் கிடை மறிக்க, அதாவது ராத்திரி ஆடுகளை அடைக்க, வைத்திருந்த மூங்கில் படல் அத்தனையையும் கொண்டுவந்து விமானம் கிடந்த இடத்தைச் சுற்றிக் கட்டினார். யாரும் கேட்கவில்லை. மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கிற நேரம் என்பதால் கிழக்குப் பக்கம் மட்டும் இரட்டை வரிசை வைத்தார். காகிதம், இருக்கைப் பஞ்சு, உடைந்த கண்ணாடிச் சில்லு எல்லாம் அந்தப் பக்கம்தான் பறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எரிபொருள் கணக்குச் சீட்டும் எடைக் கணக்குத் தாளும் மறுநாள் காலையில் அந்தப் படலில் ஒட்டிக்கொண்டிருந்தன. படல் இல்லாத அவருடைய ஆடுகள் விடிய விடியத் திறந்த வெளியில் கிடந்தன. அவரும் நாய்களும் காவல் இருந்தார்கள். எருவுக்காகக் காட்டில் ஆடு அடைப்பதற்குக் கொடுக்கிற கிடைக்கூலியும் அந்த இரவுக்குப் போயிற்று.

இதன் அருமை புரிய ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயணிகள் விமானத்தில் கறுப்புப் பெட்டி உண்டு. நாலு பேர் உட்காரும் செஸ்னா 172 ரகத்தில், அதுவும் வேகம், எஞ்சின் சுற்று காட்ட முள் வைத்த பழைய மானிகள் உள்ள பயிற்சி விமானத்தில், அது கிடையாது. கிடந்தது கிடந்தபடி இருந்தால்தான் எதையாவது கண்டுபிடிக்க முடியும். முன்னால் இருக்கும் விசிறியின் இரண்டு அலகையும் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போது தரையில் பட்டால் அலகு முறுக்கிக்கொண்டு நெளியும், முன்விளிம்பில் வெட்டுக்காயம் இருக்கும், குறுக்கே கீறல் ஓடும். எஞ்சின் நின்றுபோய் விழுந்தால் ஓர் அலகு பின்னால் மடங்கும், மற்றது அநேகமாக அப்படியே இருக்கும். யாராவது அதைத் தூக்கி ஓரமாக வைத்து, மண் போகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பாதிச் சாட்சி போயிற்று.

மானியிலும் அப்படித்தான். மோதும் நொடியில் முள் முகப்பில் அடித்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு பெயின்ட் தடம் விடும். அந்த நொடியில் வேகம் என்ன, எஞ்சின் சுற்று என்ன என்பதற்கு அதுதான் ஆதாரம். எச்சரிக்கை பல்பின் உள் இழைகூடப் பேசும்: எரிந்துகொண்டிருந்த இழை சூட்டில் இளகி நீண்டிருக்கும், அணைந்திருந்தது மொட்டையாக முறியும். சுக்கானை இயக்கும் எஃகுக் கம்பி மோதலில் இழுபட்டு அறுந்தால் நுனி துடைப்பம்போல விரிந்திருக்கும். முன்பே தேய்ந்திருந்தால் வேறு மாதிரி இருக்கும்.

மானிப் பலகை தனியாகப் பெயர்ந்து செம்மண்ணில் கிடந்தது. சாரல் வந்தபோது பக்கத்தில் நின்றவர்கள் தார்ப்பாயை எடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் காற்றில் தார்ப்பாய் படபடத்து உரசினால் அந்த மெல்லிய தடம் அழிந்துவிடும். அடியில் வேர்த்து ஈரமும் கட்டும். போதாக்குறைக்கு, பெட்ரோல் ஆவி நிற்கிற இடத்தில் பிளாஸ்டிக் உரசி மின்பொறி கிளம்புவது உண்டு. அண்ணாச்சி குட்டி அடைக்கும் மூங்கில் கூடையான குடாப்பைக் கொண்டுவந்து பலகைக்கு மேல் கவிழ்த்தார், அதன் மேல் ஓலையைப் போட்டுக் கல் வைத்தார். எந்தப் பக்கமும் பலகையில் படவில்லை, காற்றும் உள்ளே போய் வந்தது. நாங்கள் வைத்திருக்கும் கையேட்டில் இதைவிட நல்ல வழி இல்லை. இனி எங்கள் அவசரப் பெட்டியில் மூங்கில் கூடை ஒன்றும் இருக்கும்.

ஆடுகளை அவர் கிட்டே விடாததற்கும் தனியாக நன்றி. இந்த விமானத்தின் இரண்டு இறக்கைத் தொட்டியிலும் சேர்த்து நிரம்ப ஊற்றினால் ஏறக்குறைய 212 லிட்டர் பிடிக்கும். அது பெட்ரோல் பங்க்கில் வண்டிக்கு விற்கும் பெட்ரோல் இல்லை. 100 எல்எல் என்ற ரகம், நீல நிறம், லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம். பெட்ரோல் வெயிலில் ஆவியாகிவிடும், ஈயம் மண்ணிலேயே நிற்கும். வாடை போய்விட்டது என்று புல்லை மேயவிட்டால் ஆட்டுக்குள் போகும். ஆவியும் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் ஓடைக்கும் வரப்புப் பள்ளத்துக்கும் இறங்கி நிற்கும். அங்கே ஒரு பீடி போதும்.

அந்த பீடி விஷயத்தில் கோயில் கொடைக்கு மைக்செட் போட்டவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். வில்லுப்பாட்டை நிறுத்திவிட்டு, “பள்ளத்துப் பக்கம் போகாதீங்க, தீப்பெட்டி எடுக்காதீங்க, கிடக்கிற சாமானத் தொடாதீங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் ஒதுங்கியது அதனால்தான். இரவு முழுக்க மேளமும் இல்லை.

கதவைப் பெயர்த்து, பனம்பாளை சீவும் அருவாளால் பெல்ட்டை அறுத்து இருவரையும் வெளியே எடுத்த தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. “சாட்சியைக் கெடுத்துவிட்டோமோ” என்று நீங்கள் மருகுவதாகக் கேள்விப்பட்டோம். வேண்டாம். உயிரைக் காக்கவும் தீயைத் தடுக்கவும் எதையும் உடைக்கலாம், அறுக்கலாம். விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. அறுத்த பெல்ட்டின் நுனியும் மோதலில் கிழிந்த பெல்ட்டின் நுனியும் வேறு வேறு, பார்த்ததும் தெரியும். எதை உடைத்தோம், எதை அறுத்தோம் என்று ஒன்று விடாமல் போலீசில் சொன்னீர்கள் பாருங்கள், அது போதும். பாட்டரி சுவிட்சை அணைக்கும் முன் அது இருந்த நிலையைப் போனில் படம் எடுத்து வைத்த பையனைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று எங்களுக்குள் பேச்சு நடக்கிறது.

விமானம் பட்டு மட்டை வெட்டுப்பட்ட பனைகளை அப்படியே விட்டுவைத்த தோட்டக்காரருக்கும், காலில் தளைநார் மாட்டி ஏறி அளவு எடுத்துக் கொடுத்த பனையேறி அண்ணாச்சிமாருக்கும் நன்றி. தொங்குகிற மட்டையைக் கழித்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் விமானம் எந்தச் சாய்வில் இறங்கியது என்பதைச் சொல்வது அந்த மட்டைகள்தான். இரண்டு பனைக்கு நடுவே 30 மீட்டர், வெட்டு உயரத்தில் வித்தியாசம் 6 மீட்டர் என்றால் இறக்கம் சுமார் 11 பாகை. தரை சரிவாக இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நுனி ஒரே சீராக வெட்டுப்பட்டிருந்தால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது என்று அர்த்தம், பிய்ந்திருந்தால் இறக்கை தட்டியிருக்கும். கீழே நின்று கண்ணால் மதிப்பிட்டால் இது வராது.

தீயணைப்புத் துறையினர், ராத்திரி முழுக்க நின்ற காவலர்கள், ஆம்புலன்ஸ் தம்பிகள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வாசலில் இரு குடும்பத்தாருக்கும் பாய் விரித்துக் காப்பி வாங்கிக் கொடுத்த முகம் தெரியாதவர்கள், உடலை விமானத்தில் அனுப்ப உடல் கெடாமல் பதப்படுத்திய எம்பாமிங் சான்றும் காவல்துறைத் தடையின்மைச் சான்றும் வேண்டும் என்று எடுத்துச் சொல்லி அலைந்து வாங்கித் தந்தவர்கள், சர்ச்சிலும் கோயிலிலும் விளக்கேற்றியவர்கள் எல்லோருக்கும் கும்பிடு. ஒருவரையும் விடக் கூடாது என்று பார்த்தோம், விட்டிருப்போம்.

அண்ணாச்சி, புதுப் படல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நாங்கள் கேட்க மாட்டோம். பழைய படலில் பெட்ரோல் பட்டிருக்கிறது, ஆடு கடிக்கும், நக்கும். அதைத் திருப்பித் தர முடியாது. குடாப்பும் அப்படியே. மூங்கில் எந்தக் கனம், எத்தனை முழ நீளம் என்று நீங்களே சொல்லி முடையச் சொல்லுங்கள். அந்த இரவின் கிடைக்கூலியும் உங்களுக்குச் சேர வேண்டியது, சேரும்.

காட்டுக்காரர்களுக்கு: கறை பட்ட மண்ணை அள்ளி டிரம்மில் அடைத்துக் கொண்டுபோவது எங்கள் பொறுப்பு. அள்ளிய குழியின் ஓரத்திலும் அடியிலும் மண் எடுத்து ஈயம் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் குழியை மூடுவோம். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்கிறோம். அதுவரை மாடு கன்றுக்கு அதை இறைக்க வேண்டாம். பின்னால் உழும்போது ஏதாவது தட்டுப்பட்டால் வெறுங்கையால் எடுக்காதீர்கள், அலுமினிய விளிம்பு பிளேடாக அறுக்கும். கழுவாமல், நிமிர்த்தாமல், கிடந்த இடத்தோடு ஒரு படம் எடுத்து, அங்கே ஒரு கல்லை நட்டு, ஸ்டேஷனில் சொல்லுங்கள். மண் வேலை முடிந்ததும் ஊருக்குத் தாக்கல் அனுப்புகிறோம். அதற்குப் பிறகு ஏர் இறக்கலாம்.

இப்படிக்கு,
அந்த விமானத்தின் பராமரிப்புப் பொறியாளர்களும் பயிற்றுநர்களும்