பட்டியலில் ஒரு ழ

மாண்டலேயிலும் ரங்கூனிலும் எங்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும்,

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீடு கழுவியாயிற்று. திஞ்ஞானும், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவும், வந்து போய்விட்டது. இந்த வருடம் எங்கள் தெருவில் யார் மேலும் ஒரு சொம்புத் தண்ணீர்கூட விழவில்லை. பையன்கள் தாங்களாகவே வாளிகளை உள்ளே வைத்துவிட்டார்கள். இப்போது எழுதாவிட்டால் அப்புறம் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் உட்கார்ந்திருக்கிறேன். மார்ச் 28 நிலநடுக்கம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை.

அதில் இறந்துபோன இருவரையும் உங்களில் பலருக்குத் தெரியும். நாங்கள் மூவரும் ஒரே தெரு. கோயிலில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரே பாயில் உட்கார்ந்து தமிழ் எழுதப் பழகியவர்கள். பிறகு அவர்கள் இருவரும் பருப்புத் தரகுக்கு மாண்டலே போனார்கள், நான் கடையோடு இங்கே ரங்கூனிலேயே தங்கிவிட்டேன். “மெட்ராஸ்ல எவன் இட்லி தின்னாலும் அதுல நம்ம கை இருக்குடா” என்பான் அவர்களில் ஒருவன், நெட்டையன். வாய்ப்பேச்சுதான், ஆனால் முழுப் பொய்யும் இல்லை. இந்தியா வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பங்கு நம் பர்மா உளுந்துதானே.

நன்றி சொல்ல ஆள் நிறைய. பாலம் பாலமாக இறங்கி வழி பார்த்து, ஒரு பகல் ஒரு இரவு ஓட்டி என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த பஸ் டிரைவர். மாண்டலே அரண்மனை அகழி ஓரம் பாய் விரித்துப் படுத்திருந்த கூட்டத்தில் எனக்கும் இடம் ஒதுக்கி, கொசுவலையில் பாதியைத் தந்த குடும்பம். நாற்பது டிகிரி வெயிலில் வெறுங்கையால் கல்லைப் புரட்டிய பிள்ளைகள். விறகுக்கு அலைந்தவர்கள், ஐராவதியில் அஸ்தி கரைக்கப் படகு தந்துவிட்டுக் காசு வாங்க மறுத்தவர், பதினாறாம் நாள் சமையலைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்ட கோயில் பெண்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். முடியவில்லை, மன்னிக்கணும்.

ஆனால் ஒரு தம்பியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விடுங்கள்.

மீட்புக் குழுவில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவன். இருபது வயது இருக்குமா, தெரியவில்லை. பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து, அதன் மேல் பள்ளிக்கூட நோட்டு. புருவத்தில்கூட சிமெண்ட் தூசி. நெட்டையனை நான்தான் அடையாளம் காட்டினேன். முகத்தை வைத்து அல்ல, சட்டைப்பையில் இருந்த காகிதப் பொட்டலத்தை வைத்து. ஒரு பிடி உளுந்து, சாம்பிள். எங்கே போனாலும் அது அவன் பையில் இருக்கும், பேசிக்கொண்டே ஒன்றிரண்டு எடுத்துக் கடிப்பான்.

நம் ஆட்களுக்கு இங்கே இரண்டு பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். அடையாள அட்டையில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். அட்டையைப் பார்த்து அந்தத் தம்பி முன்னால் மரியாதைக்கு ‘ஊ’ போட்டு எழுதிக்கொண்டான். முடிந்தது என்று நான் திரும்பினேன். “ஊலே (மாமா), வீட்டில் இவரை என்னவென்று கூப்பிடுவீர்கள்?” என்று கேட்டான். தேடி வருகிற ஜனங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்களாம், பட்டியலில் இல்லை என்று அழுதுகொண்டே அடுத்த இடிபாட்டுக்கு ஓடுகிறார்களாம். அதனால் இரண்டையும் எழுதுகிறேன் என்றான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

சொன்னேன். நெட்டையன் பெயரில் ஒரு ழ உண்டு. நான் வாழ்நாள் முழுக்க அதை ள என்றே சொல்லி அவனிடம் குட்டு வாங்கியவன். அன்றைக்கு நாக்கை மடித்துச் சரியாகச் சொன்னேன். தம்பிக்குப் புரியவில்லை. மூன்று முறை சொல்லச் சொன்னான், பர்மிய எழுத்தில் லா போட்டுப் பார்த்தான், அடித்தான், யா போட்டுப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்து அதையும் அடித்தான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஏதோ ஒன்றை எழுதப்பா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பேனாவை என் கையில் கொடுத்து, நோட்டைத் திருப்பி வைத்தான். “உங்கள் எழுத்திலேயே எழுதுங்கள்.”

வட்ட வட்டமான பர்மிய எழுத்துக்கு நடுவே நம் ழ காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் அழுதேன். இன்னொருவன் பெயர் பர்மிய எழுத்தில் சிக்கலில்லாமல் அடங்கிவிட்டது. உயிரோடு இருந்தபோதும் அவன் எதிலும் யாருக்கும் சிரமம் கொடுத்ததில்லை.

பர்மிய மொழியில் நன்றிக்கு ‘சேசூ தின்பாடே’ என்று தினம் நூறு முறை கடையில் சொல்கிறேன். தின் என்றால் ஏற்றுவது, மேலே வைப்பது. வண்டியில் சரக்கு ஏற்றுவதற்கும் அதே சொல்தான். இத்தனை வருடத்தில் அதை நான் யோசித்ததே இல்லை. இப்போது என் மேல் இருக்கிற சுமைக்கு அந்தச் சொல் சரியாகத்தான் இருக்கிறது.

பதினாறாம் நாள் நாங்கள் எள்ளும் தண்ணீரும் விட்டோம். பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து அவர்கள் பௌத்த வழக்கப்படி கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வார்த்தார். புண்ணியத்தைப் பங்கிடும்போது பெயர் சொல்ல வேண்டும் என்று என்னைப் பார்த்தார். இரண்டு பெயரையும், அட்டைப் பெயரோடு வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். எல்லோரும் மூன்று முறை ‘சாது’, அதாவது ‘நன்று’, சொன்னார்கள்.

கோயிலில் ஞாயிறு வகுப்பு எடுக்க ஆளில்லை என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடையைக் காட்டி நழுவிக்கொண்டிருந்தேன். சித்திரை கழிந்ததும் நான் வருகிறேன். ழ எனக்கே தகராறுதான், பிள்ளைகளோடு சேர்ந்து நானும் பழகிக்கொள்கிறேன்.

காரியத்துக்குச் சேர்ந்த பணத்தில் மிச்சமிருந்ததை நெட்டையன் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். கணக்கு கடையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இன்னொன்று. அந்தத் தம்பியின் பேனா என் பையோடு வந்துவிட்டது. நீலப் பேனா, மூடி இல்லை, பின்பக்கம் கடித்த தடம். மாண்டலே போகிறவர்கள் கொடுங்கள் கொண்டுபோகிறோம் என்கிறார்கள். வேண்டாம். ரோடு சரியானதும் நானே போகிறேன்.