மணல் போவது தெரிகிறது, காசு போவது தெரிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தின் வடமராட்சி கிழக்கில் கள்ள மண் ஏற்றிய டிப்பரைப் பிடித்த செய்தி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. சாரதி கைது, வாகனம் பொலிஸில், பிறகு நீதிமன்றம், அதோடு செய்தி முடிந்துவிடும். பெர்மிட்டோடு போகிற மணலைப் பற்றித்தான் ஒரு வரியும் வருவதில்லை. யார் பெயரில் அனுமதி, எத்தனை கியூப், அரசுக்கு எவ்வளவு றோயல்டி கட்டினார்கள், அந்தக் காசில் மணல் போகிற எங்கள் நாகர்கோவிலுக்கோ குடத்தனைக்கோ ஏதாவது திரும்பி வந்ததா?

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம்தான் அனுமதி கொடுக்கிறது, றோயல்டியும் வாங்குகிறது. ஆகவே கணக்கு ஏதோ ஒரு கோப்பில் இருக்கத்தான் செய்யும். வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் என்பார்கள். சரி, 2016இல் வந்த நல்ல சட்டம்தான், ஆனால் கேட்கிற ஆளுக்கு மட்டும்தான் பதில், அதிலும் வர்த்தக இரகசியம் என்று சொல்லி மறுக்க அந்தச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் இருக்கிறது, அதை வாதாடி வாங்க ஒரு தோட்டக்காரருக்கோ மீனவருக்கோ நேரம் ஏது?

எண்ணெய் நாடுகள் இந்தப் பாட்டை முன்பே பட்டவை. 2001இல் பிபி கம்பனி, அங்கோலா அரசுக்குக் கட்டிய பணத்தை வெளியிடப் போவதாகச் சொன்னது. உடனே அந்நாட்டு அரச எண்ணெய் நிறுவனமான சொனாங்கோல், ஒப்பந்தத்தையே இரத்துச் செய்வோம் என்று மிரட்டியது. ஒரு கம்பனி தனியே வாய் திறந்தால் அதுமட்டும் அடிபடும், எல்லாரையும் ஒன்றாகச் சொல்ல வைக்க வேண்டும் என்று அப்புறம்தான் பலருக்கும் உறைத்தது. 2003இல் தொடங்கிய ஈஐடிஐ (EITI, எண்ணெய், எரிவாயு, கனிமத் தொழில்களின் வெளிப்படைத்தன்மைக்கான முன்னெடுப்பு) என்ற சர்வதேச ஏற்பாடு அதைத்தான் செய்கிறது: இவ்வளவு கட்டினோம் என்று கம்பனிகள் எழுதிக் கொடுக்க வேண்டும், இவ்வளவு வாங்கினோம் என்று அரசு தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் சாராத ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்து வித்தியாசத்தை வெளியிடுவார். நைஜீரியா 2007இல் இதற்கென்றே சட்டம் போட்டது. அங்கே களவு நின்றுவிட்டதா என்றால் இல்லை, ஆனால் கஜானாவுக்கு வராத எண்ணெய்க் காசைப் பற்றி அங்குள்ள பத்திரிகைகள் தொகையோடு எழுதுகின்றன. 2021 ஜனவரியிலிருந்து கையெழுத்தாகும் ஒப்பந்தங்களையும் உறுப்பு நாடுகள் வெளியிட வேண்டும் என்பது விதி. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன, இலங்கை சேரவில்லை.

எங்களிடம் எண்ணெய் ஏது என்று சிலர் சிரிப்பார்கள். 2011இல் மன்னார்ப் படுகையில் கெய்ர்ன் நிறுவனம் எரிவாயுவைக் கண்டது, 2015இல் விட்டுப் போனது, இன்னும் எடுக்கத் தொடங்கவில்லை. அதனால்தான் இப்போதே சேரச் சொல்கிறேன். பங்கு பிரித்து முடிந்த பிறகு உடன்படிக்கையைக் காட்டு என்றால் யார் காட்டுவார்கள்?

சுண்ணக்கல்லுக்கும் இந்தக் கணக்கு வேண்டும், அதில் அவசரம் இன்னும் கூட. குடாநாட்டில் நாங்கள் குடிக்கிற தண்ணீர் அந்தக் கல்லுக்குள்தான் நிற்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றுபோனது, கல் எடுத்த குழிகள் இன்றும் கிடக்கின்றன.

எங்கள் எம்.பி.மார் ஈஐடிஐயில் சேரச் சொல்லி பாராளுமன்றத்தில் ஒரு பிரேரணை கொண்டுவரலாம், அதற்குக் கட்சி பேதம் பார்க்க ஒன்றுமில்லை. அதுவரைக்கும் ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையிலும் அனுமதி பெற்றவர் பெயர், இடம், கியூப் அளவு, கட்டிய தொகை, முடிவுத் திகதி எல்லாம் தமிழில் ஒட்டட்டும். ஒட்டினால் போதும், வீதியில் போகிற டிப்பரை எண்ணுவதற்கு ஊர்ப் பொடியள் இருக்கிறார்கள்.

அவர்கள் ஒட்டமாட்டார்கள் என்றால், நீங்களே தகவல் உரிமையில் விண்ணப்பித்து, யாழ். மாவட்டத்தில் இப்போது செல்லுபடியாகும் மணல், சுண்ணக்கல் அனுமதிகளின் பட்டியலை வாங்கி ஒரு முழுப் பக்கத்தில் போடுங்கள். மறுத்தால் மறுப்புக் கடிதத்தைப் போடுங்கள்.

வாசகர் ஒருவர்,
பருத்தித்துறை.