சால்வை போதும், மைதானத்தைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு கல்லூரிக் கால்பந்து அணி மண்டலப் போட்டிகளில் வரிசையாக ஜெயித்தால் சால்வையும் பிளெக்ஸும் உடனே வந்துவிடுகின்றன. ஆனால் அடுத்த வருடம் அதே அணி பாதியில் தடுமாறுகிறது. மூன்றாமாண்டு மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவதை யாராலும் தடுக்க முடியாது. மிச்சமிருப்பவர்களின் முட்டியையும் பின்தொடைத் தசையையும் காப்பாற்ற முடியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல மைதானங்கள் புல்லில்லாத செம்மண் தரைதான். வெயிலில் அது கல்லாக இறுகிவிடும். நீளக் குமிழ் வைத்த பூட்ஸ் அந்தத் தரையில் இறங்காமல் வழுக்கும். விரிசலில் மாட்டினால் பாதம் நின்றுவிடும், உடம்பு திரும்பிவிடும். முட்டிக்குள் இருக்கும் தசைநார் அறுவது அப்போதுதான். இறுகிய தரைக்குக் குட்டைக் குமிழ்கள் நிறைய உள்ள ரப்பர் அடி ஷூவே சரி.

நிரந்தரத் தீர்வு தரையில்தான் இருக்கிறது. கோடை மழையில் ஈரம் இறங்கியதும் அரை அடி ஆழம் உழுது கல் பொறுக்க வேண்டும். மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, நடுவிலிருந்து இரு பக்கமும் 100-க்கு 1 என்ற அளவில் சரிவு கொடுக்க வேண்டும். 64 மீட்டர் அகல மைதானத்தில் நடுப்பகுதி ஓரத்தைவிட 32 செ.மீ. உயரமாக இருக்கும், தண்ணீர் தேங்காது. ஜூனில் அருகம்புல் வேர்த்துண்டுகளை அரை அடி இடைவெளியில் ஊன்றலாம். வெளிநாட்டு மைதானங்களில் 'பெர்முடா' என்று போற்றப்படுவது நம் வரப்போரத்து அருகம்புல் இனம்தான். மர நிழலில் மட்டும் அது தழைக்காது. இரண்டரை மாதம் யாரும் கால் வைக்கக் கூடாது. மண் சொதசொதவென்று இருக்கும்போது ரோலர் ஓட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். மண் மறுபடி இறுகி வேர் மூச்சடைத்துப் போகும். கோல் வாசல்தான் முதலில் மொட்டையாகும் என்பதால் தினசரிப் பயிற்சியை ஓரப் பகுதிகளுக்கு மாற்ற வேண்டும்.

உடற்சூடுக்கு ஃபிஃபாவின் '11 பிளஸ்' முறை இருக்கிறது. 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் தசை வலுவும் சமநிலையும், 2 நிமிடம் வேக ஓட்டம். பந்தைத் தவிர வேறு சாமான் வேண்டாம். மண்டியிட்டவரின் கணுக்காலைத் தோழர் பிடித்துக்கொள்ள, உடம்பை முன்பக்கம் மெல்லச் சாய்க்கும் பயிற்சி இதில் முக்கியம். பின்தொடைப் பிடிப்பைக் குறைப்பது அதுதான். வாரம் இரண்டு முறையாவது செய்யாவிட்டால் பலன் தெரியாது.

கோடு போடச் சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். வியர்வை பட்டால் தோலை எரிக்கும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. சாக்பீஸ் மாவு போதும்.

கல்லூரி நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள்: விழாப் பந்தலுக்கும் வண்டி நிறுத்தவும் மைதானத்தைக் கொடுக்காதீர்கள். சக்கரம் ஏறிய இடத்தில் புல் வராது. பந்தல்கால் பிடுங்கிய குழி வெளியே தெரியாமல் மேல்மண் மூடிக் கிடக்கும். ஓடிவரும் பையனின் கணுக்கால் பிசகுவது அங்கேதான்.

இப்படிக்கு,
கால்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
தருமபுரி.