அண்ணன் காலும் ரத்தத்தில் மிதக்கும் தூசியும்

புளியரை
ஆடி 14

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. இங்கே சாரல் விட்டபாடில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் ஈரமாகவே தொங்குகிறது.

அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தாய். "கட்டி குதிகாலில், ரத்தம் உறைந்தது தொடையில், இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன் ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனது உனக்குத் தெரியும். இடது குதிகாலில் ஒரு கறுப்பு. ஒரு கிளினிக்கில் கால் ஆணி என்று சொல்லி இரண்டு தடவை சீவி எடுத்தார்கள். ஒரு வருஷம் அதிலேயே போயிற்று. நான் பார்த்தபோது புளியங்கொட்டை அளவு இருந்தது. ஓரம் மட்டும், நனைந்த தாளில் மை ஊறினது போல ஒழுங்கில்லாமல் பரவியிருந்தது. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் சதை எடுத்துப் பார்த்து மெலனோமா என்றார்கள், தோலுக்கு நிறம் தரும் அணுக்களில் வரும் புற்று. தோல் புற்று என்றால் வெயில் படுகிற இடத்தில்தான் வரும் என்று நினைத்திருந்தோம். நம்மைப் போல் நிறமுள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடிதானாம். வெயிலுக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

சித்திரையில் ஆபரேஷன். குதிகாலோடு தொடை இடுக்கு நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். நெறிக்கட்டியை எடுத்தால் நிணநீர் தேங்கிக் கால் கொஞ்சம் வீங்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். அதுதான் எங்களை ஏமாற்றிவிட்டது. ஆனியில் கால் வீங்கியபோது அண்ணி தலையணை வைத்துக் காலை உயர்த்திவிட்டு, துணி சுற்றி, நாலு நாள் பார்த்திருக்கிறாள். ஐந்தாம் நாள் நான் போனேன். கெண்டைக்காலில் தோல் இழுத்துக் கட்டினாற்போல் பளபளத்தது. தொட்டால் சூடு. கட்டைவிரலால் அழுத்தினேன், குழி அப்படியே நின்றது, அண்ணன் பல்லைக் கடித்தார். வலது கால் எப்போதும்போல் இருந்தது. அன்றைக்கே தென்காசியில், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். முழங்காலுக்கு மேல் வரை சிரைக்குள் ரத்தம் உறைந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு துண்டு கழன்று நுரையீரலுக்குப் போயிருந்தால் இந்தக் கடிதமே வேறாக இருந்திருக்கும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். லேபில் ரத்தத்தைச் சுழற்றினால் சிவப்பணு அடியில் தங்கும், மேலே மஞ்சளாக பிளாஸ்மா நிற்கும். இன்னும் சுழற்றி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் நீக்கிவிட்டால் மிச்சமுள்ள நீரில் துகள் எதுவும் இருக்காது என்றுதான் தோன்றும். 1967-இல் பீட்டர் வுல்ஃப் என்பவர் அந்த நீரை மிக வேகமாகச் சுழற்றினார். அடியில் ஏதோ படிந்தது, அதற்கு ரத்தத்தை உறையவைக்கும் சக்தி இருந்தது. அதற்குத் 'தட்டணுத் தூசி' என்று பேர் வைத்தார். இப்போது நுண்துகள்கள் என்கிறார்கள். ஒரு மைக்ரானுக்கும் குறைவு; சிவப்பணுவே ஏழெட்டு மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்.

உடம்பின் உயிரணு தூண்டப்படும்போதும் சாகும்போதும் தன் தோலில் ஒரு சிறு குமிழைக் கிள்ளிப் போடும், அதுதான் இந்தத் துகள். அணுவின் சவ்வில் உட்பக்கம் ஒளிந்திருக்க வேண்டிய ஒரு கொழுப்பு, குமிழில் வெளிப்பக்கம் வந்துவிடுகிறது. பாஸ்படிடைல்செரின் என்று பேர். ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் கால்சியத்தின் துணையோடு அதில் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடும். நமக்கு எல்லோருக்கும் ரத்தத்தில் இந்தத் தூசி கொஞ்சம் இருக்கிறது. ஆனால் புற்றணு உதிர்க்கும் துகள்கள் சிலவற்றில், உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணி என்கிற புரதமும் ஒட்டியிருக்கும். காயம் பட்டால்தான் ரத்தம் அதைச் சந்திக்க வேண்டும். காயமே இல்லாமல் அது ரத்தத்தில் மிதந்து போனால் உறைதல் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். அண்ணனுக்கு இதோடு ஆபரேஷனும், படுத்தே கிடந்ததும் சேர்ந்துகொண்டன.

புற்றுக்கும் ரத்தக்கட்டுக்கும் உறவு உண்டு என்று பாரிஸில் அர்மான் துரூசோ என்ற மருத்துவர் 1865-லேயே பாடம் எடுத்திருக்கிறார். 1867-இல் அவருக்கே சிரையில் வீக்கம் வந்தது. தனக்கு வயிற்றில் புற்று என்று அதை வைத்தே தெரிந்துகொண்டார். அந்த வருஷமே இறந்தும் போனார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாப் புற்றுக்கும் இந்தப் பயம் ஒரே அளவில்லை, மல்லிகா. கணையம், இரைப்பைப் புற்றுகளில்தான் ஆபத்து மிக அதிகம். தோலோடு நிற்கிற சாதாரணத் தோல் புற்றில் குறைவு. மெலனோமா பரவினால் கூடும். அப்புறம், அந்தத் துகளை எண்ணிப் பார்க்கலாமே என்று நீ கேட்பாய். ஆராய்ச்சிக்கூடத்தில் எண்ணுகிறார்கள். ஆனால் ஒரு கூடத்து எண்ணிக்கை இன்னொன்றோடு ஒத்துப்போவதில்லை. நம் ஊர் டாக்டருக்கு டாப்ளரும், ரத்தக்கட்டுக்கான டி-டைமர் ரத்தப் பரிசோதனையும்தான் கை கொடுக்கும். அதற்கும் முன்னால், ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றைக்கே சொல்ல ஒருவர் வேண்டும். அந்த நாலு நாளை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அண்ணியைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ரத்தம் உறையாமல் தடுக்கத் தினம் இரண்டு வேளை ஹெபாரின் ஊசி. வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்து அண்ணியே போட்டாள். முதல் நாள் அவள் கை நடுங்கிய நடுக்கம் ஊசி முனையில் தெரிந்தது. இப்போது மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள், ஆறு மாதமாவது வேண்டுமாம். ஈறில் ரத்தம் கசிகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று தினமும் கேட்டு நோட்டில் குறித்துவைக்கிறாள்.

நேற்று அண்ணன் குடை பிடித்துக்கொண்டு குளக்கரை வரை நடந்து திரும்பினார். இடது காலில் தைத்துக் கொடுத்த மெத்தைச் செருப்பு. உன் வீட்டிலும் தோட்டத்துக்குச் செருப்பில்லாமல் போகிறவர்தானே அத்தான்? ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து இரண்டு உள்ளங்காலையும் விளக்கு வெளிச்சத்தில் பார். விரலிடுக்கையும் நகத்தையும் விடாதே. பார்த்துவிட்டு எனக்கு எழுது.

உன்
செல்வி